தோட்டம் போனது, துணை எங்கே போனது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமூகப் பணி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தீபாவளிக்கு முந்தின வாரம் கொடுக்கப்படும் அரிசிப் பையும், அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொள்ளும் படமும்தான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பசித்தவர்களுக்கு அரிசி தேவைதான். ஆனால் சமூகப் பணி என்பது ஒரு படிப்பு, ஓர் ஆய்வுத் துறை. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975ஆம் ஆண்டிலேயே இதற்கான பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. அந்தத் துறை திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே மாதிரியான கஷ்டம் இரண்டு குடும்பங்களுக்கு வருகிறது. ஒரு குடும்பம் விழுந்துவிடுகிறது. இன்னொன்று தள்ளாடினாலும் நின்றுவிடுகிறது. இது எதனால்?

இந்தக் கேள்வியை மலாக்கா மாநிலத் தமிழ்க் குடும்பங்களை வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் என்று மூன்றே மாவட்டங்கள் கொண்ட சிறிய மாநிலம் அது. ஆனால் ரப்பர் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. இந்த நாட்டில் வணிக முறையில் ரப்பர் பயிரிட்டது முதலில் அங்கேதான். டான் சே யான் என்ற சீன வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். 1906இல் அது லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது. அதன் பிறகு கங்காணிகள் வழியாக நம் பாட்டன் பூட்டன்கள் வந்து இறங்கிய கதை உங்களுக்குத் தெரியும். இன்று மாநில மக்களில் இந்தியர்கள் ஏறத்தாழ ஆறு விழுக்காடு. மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பலவற்றின் பெயர்ப் பலகையில் ‘லாடாங்’ என்ற சொல் இன்னும் இருக்கிறது. பலகையில் இருக்கும் தோட்டம் பல இடங்களில் தரையில் இல்லை.

ஆயாக் கொட்டகையும் கிராணியும்

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் லயத்துக் கூரையில் ஒழுகிய மழையை மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். கள்ளுக்கடை லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடம் ஆறாம் ஆண்டோடு முடிந்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. மாதச் சம்பள ஒப்பந்தம் என்று ஒன்று தோட்டத் தொழிலாளர்களுக்கு 2001ஆம் ஆண்டில்தான் வந்தது. அதுவும் 325 வெள்ளி. வேலை ஓய்வு பெற்ற அன்று வீட்டையும் காலி செய்ய வேண்டும். இதைப் பொற்காலம் என்றால் எது இரும்புக் காலம்?

ஆனாலும் அந்த வாழ்க்கைக்குள் ஒரு வலை இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாள். கொட்டகை ஆயாவுக்கு எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளை நேற்றிரவு சாப்பிடவில்லை என்பதெல்லாம் தெரிந்திருந்தது. அடுத்த வீட்டுச் சண்டை மரச்சுவரின் வழியே கேட்டது. அது தொந்தரவுதான். ஆனால் ஒருவன் பெண்டாட்டியை அடித்தால் ஓடிவந்து தடுக்க நாலு பேர் இருந்தார்கள். தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் இருந்தார். குழந்தை பிறந்தால் பேர் பதிய வேண்டும் என்று கிராணிக்குத் தெரியும். தாயும் தந்தையும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும் கிராணி எழுதிக் கொடுத்தார். சில தோட்டங்களில் கொடுக்காமலும் விட்டார், அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். கோயில் திருவிழாவில் யார் வீட்டுக்கு யார் வரவில்லை என்பதை வைத்தே எந்தக் குடும்பத்தில் விரிசல் என்று ஊருக்குத் தெரிந்தது.

ஆய்வாளர்கள் இதற்கு ‘முறைசாரா ஆதரவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சட்டமோ பட்ஜெட்டோ இல்லாமல் நடக்கும் உதவி. இருக்கும்போது அது கண்ணில் படாது. போன பிறகுதான் அது செய்துகொண்டிருந்த வேலை என்னவென்று தெரியும்.

அது எப்படிப் போனது? 1980க்கும் 2000க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் நாடு முழுவதும் தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறியதில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் இடம்பெயர்ந்தார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. மலாக்காவில் இந்த மாற்றம் இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. 1970களில் பத்து பெரெண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் வரியற்ற தொழில் மண்டலங்கள் வந்தன. மின்னணு ஆலைகள் திறந்தன. ஜாசின் பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஆலை பஸ் வந்தது. தாய் பால் வெட்டப் போனாள், மகள் ஆலைக்குப் போனாள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அந்தக் குறைந்த ஆளும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். தோட்டத்துக் குடும்பம் பட்டணத்துத் தாமானில் வாடகை வீட்டுக்கோ மலிவு அடுக்குமாடிக்கோ போய்ச் சேர்ந்தது.

இந்த இடமாற்றத்தை நம்முடைய கூட்டங்களில் பேசும்போது வேலை போனது, வீடு போனது என்ற இரண்டை மட்டுமே கணக்கு வைக்கிறோம். நஷ்ட ஈடு கேட்டதும் இந்த இரண்டுக்குத்தான். கிடைத்த இடத்தில் கிடைத்ததும் இந்த இரண்டுக்குத்தான். ஆயாக் கொட்டகைக்கு யாரும் ஈடு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதற்கு எத்தனை வெள்ளி என்று யார் சொல்வது?

இன்னொரு தோட்டத்துப் பிள்ளைகள்

இங்கே உங்களை வெகுதூரம் அழைத்துப் போகப் போகிறேன். பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு இருக்கிறது. அதுவும் தோட்டத் தீவுதான். நமக்கு ரப்பர் என்றால் அவர்களுக்குக் கரும்பும் அன்னாசியும். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள் அங்கே இருந்தார்கள். 1955ஆம் ஆண்டில் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளையும் ஓர் ஆய்வுக் குழு பின்தொடரத் தொடங்கியது. எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்களின் பெயர்கள் இந்த ஆய்வோடு சேர்ந்தே சொல்லப்படும். குழந்தைகளின் ஒரு வயதில், இரண்டு வயதில், பத்தில், பதினெட்டில், பிறகு முப்பதுகளிலும் நாற்பதிலும் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பிறக்கும்போதே சுமை அதிகம். ஏழ்மை, பிரசவச் சிக்கல், குடிகாரத் தகப்பன், மனநலம் குன்றிய தாய், ஓயாத சண்டை என்று நான்கோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அப்படிச் சுமை சேர்ந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்து வயதிலோ பதினெட்டு வயதிலோ படிப்பிலும் நடத்தையிலும் சிக்கலுக்கு ஆளானார்கள். இது யாரும் எதிர்பார்த்ததுதான். மீதி ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். வேலை, குடும்பம், அடுத்தவர் மேல் அக்கறை எல்லாம் இருந்தது. உலகம் முழுவதும் சமூகப் பணித் துறையின் கவனம் இந்த ஒரு பங்கினர் மேல் திரும்பியது.

அவர்களிடம் பொதுவாக இருந்தது என்ன? பணம் இல்லை. அதிபுத்திசாலித்தனமும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவர்களை விட்டு விலகாமல் இருந்த ஒரு பெரியவர் இருந்தார். பல வீடுகளில் அது தாயோ தந்தையோ அல்ல. பாட்டியாக இருந்தது, சித்தியாக இருந்தது, மூத்த அக்காவாக இருந்தது, ஓர் ஆசிரியராக இருந்தது. வீட்டுக்கு வெளியே அவர்கள் போய்ச் சேர்ந்துகொள்ள ஓர் இடம் இருந்தது. வழிபாட்டுக் கூட்டமோ இளைஞர் குழுவோ. வீட்டில் அவர்களை நம்பி ஒரு பொறுப்பு இருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் நாற்பதுக்குள் நிலைபெற்றுவிட்டார்கள். சிலருக்கு அது ஒரு நல்ல கல்யாணத்தால் வந்தது, சிலருக்கு வயது வந்தபின் கிடைத்த படிப்பால். பதினாறு வயதில் குண்டர் கும்பலோடு சுற்றுகிறான், இவன் கதை முடிந்தது என்று தீர்ப்பு எழுதும் நம் பெரியவர்கள் இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்கலாம்.

இந்த ஆய்வைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. “பார்த்தீர்களா, ஏழ்மையிலும் முன்னேறலாம், முயற்சிதான் இல்லை” என்று மேடையில் பேசுவார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் அந்தச் சுமையில் நசுங்கினார்கள் என்றும் அதே ஆய்வுதான் சொல்கிறது. நின்றவர்கள் தனியாக நிற்கவில்லை. யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டார். அந்த ஒருவர் இருப்பதற்கான இடத்தையும் நேரத்தையும் அந்தச் சமூகம் வைத்திருந்தது.

தாளில் ஒரு வட்டம்

இனி மலாக்காவுக்குத் திரும்புவோம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது நான் உதாரணத்துக்காகக் கட்டிய குடும்பம், யாரையும் குறிப்பதல்ல. ஆனால் இதன் ஒவ்வொரு துண்டும் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும்.

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்த பெண், வயது முப்பத்தாறு. பட்டணத்து அடுக்குமாடியில் நான்காவது மாடி. கணவர் ஜொகூரில் லாரி ஓட்டுகிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார், சில மாதம் வரமாட்டார். அவள் ஆலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், செத்துப்போன நாத்தனாரின் மகன் ஒருவன். ஐந்து பேர்.

உதவி கேட்டு இந்தப் பெண் போனால் பாரத்தில் முதல் வரி ‘குடும்பத் தலைவர்’. யாரை எழுதுவாள்? கணவர் பெயரை எழுதினால் அவர் சம்பளம் முழுதும் வீட்டுக்கு வருவதாகக் கணக்கு. எழுதாவிட்டால் ‘தனித்து வாழும் தாய்’ என்பதற்குச் சான்று கேட்பார்கள். அவள் தனித்துத்தான் வாழ்கிறாள், ஆனால் தனித்து வாழும் தாய் அல்ல. நாத்தனார் மகன் யார்? தத்துப் பிள்ளையா? தத்து எடுத்த பத்திரம் எங்கே? பாரம் ஒரு குடும்பத்தை எதிர்பார்க்கிறது, வந்து நிற்பது வேறொரு குடும்பம்.

நம் மாநிலக் குடும்பங்கள் பாரத்துக்குள் அடங்காத அளவுக்குப் பலவிதமானவை. சீனப் பெண் குழந்தையை எடுத்து வளர்த்து, அவள் தமிழ்ப்பள்ளியில் படித்து, தமிழனையே கட்டி, பேரன் பேத்தி எடுத்த வீடுகள் உண்டு. காஜா பேராங்கில் மலாய் பேசி முருகனையும் மாரியம்மனையும் கும்பிடும் மலாக்கா செட்டிகள் உண்டு. அவர்கள் பாரத்தின் எந்தக் கட்டத்தில் கோடு போடுவது என்று தலைமுறை தலைமுறையாக யோசித்தவர்கள். பாட்டியே தலைவியாக இருக்கும் வீடு உண்டு. தாய்மாமன் சோறு போடும் வீடு உண்டு. இவற்றையெல்லாம் ‘சிதைந்த குடும்பம்’ என்ற ஒரே பெட்டியில் போடுவது சோம்பேறித்தனம். அப்பா அம்மா இருவரும் இருந்து சிதைந்த வீடுகளும் இருக்கின்றன அல்லவா?

பாரத்துக்குப் பதிலாக என்ன செய்யலாம்? 1970களில் ஆன் ஹார்ட்மன் என்ற அமெரிக்கச் சமூகப் பணிப் பேராசிரியர் எளிய முறை ஒன்றைக் கொண்டுவந்தார். குடும்பச் சூழல் வரைபடம் என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில் போதும். நடுவில் பெரிய வட்டம் போட்டு வீட்டில் உள்ளவர்களை அதற்குள் எழுத வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்கள்: வேலை, பள்ளி, கோயில், சொந்தம், கிளினிக், சமூக நல இலாகா, கடன்காரர், அண்டை வீடு. பிறகு கோடுகள். உறவு பலமாக இருந்தால் தடித்த கோடு. பேருக்கு இருந்தால் புள்ளிக் கோடு. சண்டை என்றால் முள்வேலி மாதிரிக் குறுக்குக் கோடு. கடைசியாக அம்புக்குறி: உதவி எந்தப் பக்கம் போகிறது, உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா?

நம்முடைய உதாரணக் குடும்பத்துக்கு இதை வரைந்தால் என்ன தெரியும்? அந்தப் பெண்ணிடமிருந்து எல்லா அம்புகளும் வெளியே போகின்றன. ஆலைக்கு உழைப்பு, மாமியாருக்குப் பராமரிப்பு, பிள்ளைகளுக்குச் சோறு, வட்டிக்காரருக்குப் பணம். உள்ளே வரும் அம்பு சம்பளம் ஒன்றுதான். அண்டை வீட்டு வட்டத்துக்குக் கோடே இல்லை. குடிவந்து ஆறு வருடம் ஆகியும் எதிர்வீட்டார் பெயர் தெரியாது. கோயிலுக்குப் புள்ளிக் கோடு. ஞாயிற்றுக்கிழமை தூங்காவிட்டால் திங்கள் வேலைக்கு எழ முடியாது. ஆனால் தாளில் எதிர்பாராத ஒரு தடித்த கோடு இருக்கிறது. அது நாத்தனார் மகனிடமிருந்து பழைய தோட்டத்துப் பள்ளி ஆசிரியை ஒருவருக்குப் போகிறது. பையன் இன்னும் அவருக்குப் போன் செய்கிறான். பாரத்தில் இந்தக் கோட்டுக்கு இடமே இல்லை. கவாய்த் தீவில் பிள்ளைகளைக் காப்பாற்றியது இந்தக் கோடுதான்.

வரைபடத்தின் பயன் இதுதான். ‘இவர்களிடம் என்ன இல்லை’ என்று தொடங்காமல் ‘இவர்களுக்கு யார் இருக்கிறார்’ என்று தொடங்குகிறது. இரண்டாவது பயன், உதவி எங்கே செருகப்பட வேண்டும் என்று காட்டுகிறது. இந்தப் பெண்ணுக்கு நூறு வெள்ளி கொடுத்தால் அது வட்டிக்காரரிடம் போகும். இரவு ஷிப்ட் வாரத்தில் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு வீடு கிடைத்தால் அவள் தூங்குவாள். அதே அடுக்குமாடியில் வேலை ஓய்வு பெற்ற பெண்மணிகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள்? எண்ணிப் பார்த்தது யார்?

எண்ணுவது என்றதும் ஒரு சிறிய விஷயம். நம் நாட்டின் வறுமை விகிதம் 2016இல் வெறும் 0.4 விழுக்காடு என்று அரசாங்கப் புள்ளிவிவரம் சொன்னது. அப்போது வறுமைக் கோடு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 980 வெள்ளி. 2020இல் கணக்கிடும் முறையைத் திருத்திக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். அந்தப் புதிய கோட்டின்படி 2019ஆம் ஆண்டின் வறுமை 5.6 விழுக்காடு, அதாவது 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். யாரும் ஒரே இரவில் ஏழையாகிவிடவில்லை. அளவுகோல் மாறியது, மறைந்திருந்தவர்கள் தெரிந்தார்கள். ஏழைக் குடும்பங்களின் பதிவேடான ‘இ-காசே’யும் அப்படித்தான். அதில் ஏற அடையாள அட்டை எண் வேண்டும். எண் இல்லாதவர் ஏழையாக இருக்கலாம், பதிவேட்டில் இருக்க முடியாது.

ஒரு துண்டுப் பத்திரம்

இப்போது முன்பு விட்ட கிராணியின் கதைக்கு வருகிறேன். நம் குடும்பங்களின் நலிவு தலைமுறை தாண்டி ஓடுவதற்கு இன்று பெரிய காரணம் சாராயமோ சோம்பலோ அல்ல, பதியாத பதிவு என்பது என் கருத்து. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

1982 மார்ச் 1ஆம் தேதி முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முன் சடங்குப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்தது என்றால் கோயிலில் ஆயிரம் பேர் முன்னிலையில் தாலி கட்டியிருந்தாலும் பதிவு இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது திருமணம் அல்ல. தோட்டத்தில் இந்தச் செய்தி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? தாலி கட்டியாயிற்று, ஊர் சாப்பிட்டாயிற்று, இனி என்ன பதிவு என்றுதான் இருந்தார்கள்.

பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி மணவழிப் பிள்ளை அல்ல. அரசியலமைப்புச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் வழியாக வரும், தந்தையின் வழியாக அல்ல. தாய் மலேசியப் பிரஜை என்றால் பிரச்சினை இல்லை. தாயிடம் எந்த ஆவணமும் இல்லை, அல்லது அவர் வெளிநாட்டவர் என்றால்? தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தும், பிள்ளை மலாக்கா மருத்துவமனையில் பிறந்திருந்தும், பிறப்புப் பத்திரத்தில் ‘பிரஜை அல்ல’ என்று விழலாம். அந்தத் தாய்க்கு ஏன் ஆவணம் இல்லை? அவளுடைய பிறப்பைத் தோட்டத்தில் யாரும் பதியவில்லை. அவளுடைய தாய்க்கு? 1957க்குப் பிறகு குடியுரிமைக்கு மனு போட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டாள். பாட்டிக்கு எட்டாத ஒரு செய்தி பேரனின் பள்ளி வாசலில் வந்து நிற்கிறது.

தத்துப் பிள்ளைகளின் கதை இன்னும் சிக்கல். மருத்துவமனையிலேயே குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து, பெற்ற பிள்ளைபோல் வளர்த்திருப்பார்கள். தத்தைப் பதிய 1952ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் பெற்றவளின் பெயர்கூடத் தெரியாத வீடுகள் உண்டு. பன்னிரண்டு வயதில் மைகார்ட் எடுக்கப் போகும்போதுதான், தான் இந்த வீட்டில் பிறக்கவில்லை என்பதும் தான் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்பதும் ஒரே நாளில் பிள்ளைக்குத் தெரிகிறது. அந்த நாளில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு சமூகப் பணியாளர் வேண்டும். வழக்கறிஞர் அதற்குப் பிறகு வரட்டும்.

இலங்கை மலையகத்தில் நம்மைப் போன்ற தோட்டத் தமிழர்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினாலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். 2003இல் வந்த இன்னொரு சட்டம்தான் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை தந்தது. அங்கே ஒரு கையெழுத்தில் போனது, ஒரு கையெழுத்தில் வந்தது. நம்முடையது வேறு மாதிரி. வீடு வீடாக, ஆள் ஆளாகப் போனது. அதனால் வீடு வீடாகத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. 2011 பிப்ரவரியில் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடந்தது, 2017இல் பெரிய அளவில் மறுபடியும் நடந்தது. டிரா மலேசியா என்ற அரசு சாரா அமைப்பு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் துணையோடு தீபகற்ப மலேசியாவில் வீடு வீடாகச் சென்று பதிந்ததில் நாடற்ற நிலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெரியவந்தார்கள். பெரும்பாலோர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

இது ஆய்வா, சேவையா என்று கேட்கலாம். இரண்டும்தான். சமூகப் பணி ஆய்வின் தனித்தன்மையே அதுதான். கேள்வித்தாளைக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வந்து பட்டம் வாங்குவது போதாது. கேட்டவர் கேட்ட வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும். நம் மக்கள் பாரம் கொண்டு வருகிறவரிடம் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க ஐயா” என்று சொல்லிவிடுவார்கள். முதல் முறை போனபோது கிடைத்த பதில் மரியாதைக்குச் சொன்னது. மூன்றாவது முறை போகும்போது காப்பி கொடுத்துவிட்டுச் சொல்வதுதான் உண்மை.

நேயர்கள் கேட்டவை

அரங்கில் ஓர் அம்மா கேட்டார்: “சமூக நல இலாகாவிடம் சொன்னால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாமே?” இந்தப் பயம் பல வீடுகளில் இருக்கிறது. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையை அழைத்துச் செல்ல அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது, உண்மை. ஆனால் அழைத்துச் சென்ற பிள்ளையை நீதிமன்றத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். பெற்றோரும் அங்கே பேசலாம். உறவினரிடம் ஒப்படைப்பதும் சட்டத்தில் உள்ள வழிதான். பாட்டியோ சித்தியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்தால் அதை முதல் நாளே அதிகாரியிடம் சொல்ல வேண்டும். வீட்டில் அடி உதை என்றாலும், பிள்ளைக்கு ஆபத்து என்றாலும் ‘தாலியான் காசே’ 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுகிறவர் கிடைக்காவிட்டால் பக்கத்தில் மலாய் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு பேசுங்கள். அழைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொருவர் கோயிலில் கல்யாணம் செய்து பதினைந்து வருடம் ஆகிறது, பதியவில்லை, இப்போது போனால் தண்டிப்பார்களா என்று கேட்டார். பயப்படாமல் போங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் மனு கொடுத்தால் 21 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அதன் பிறகு இரண்டு சாட்சிகளோடு போய்ப் பதிந்துகொள்ளலாம். சட்டத்தில் உங்கள் கல்யாணத் தேதி அன்றைய தேதியாக இருக்கும். அதனால் முன்பே பிறந்த பிள்ளைகளின் பத்திரத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிறகு நடக்கும் பதிவுத் திருமணத்தால் பிள்ளையை மணவழிப் பிள்ளையாக ஏற்க வழி செய்கிறது. அதற்கு வேறு மனு. குடியுரிமை அதோடு தானாக வந்துவிடாது. அது அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் மூன்றாவது மனு. அதற்கு வயது வரம்பு உண்டு, பிள்ளை அதைத் தாண்டுவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது எதையெல்லாம் எடுத்துப் போவது? பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். கிளினிக் அட்டை, தடுப்பூசிப் புத்தகம், பள்ளி அறிக்கை அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையின் நகல், கல்யாணப் பத்திரிகை, கோயிலில் எடுத்த படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய தோட்டத்தில் உங்கள் தாய் பிள்ளை பெற்றதைப் பார்த்த ஆயாவோ மருத்துவச்சியோ இன்னும் உயிரோடு இருந்தால் அவரை இந்த மாதமே போய்ப் பாருங்கள். சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க அவர்களுக்கும் வயதாகிக்கொண்டு போகிறது.